மீதிப் படம்

— …அந்தக் குதிரைக்கு ஒரு வாய் தண்ணி காட்டுனானாங்க? படம் தொடங்குனதுல இருந்து ஓட்டறான், ஓட்டறான். ஒரு எடத்துல எறங்கித் தீவனம் போட்டானா?

— அது படம், மயிலா. தீவனம் போடறதையெல்லாம் புடிச்சுக் காட்டுனா நாம விடிய விடிய உக்காந்திருக்கோணும்.

— அப்ப சுடறதை மட்டும் எதுக்கு அத்தனை வாட்டி காட்டறான்? சித்த நவுருங்க, கன்னுக்குட்டி முட்டப் போகுது. அந்தச் சொம்பை இப்படிக் குடுங்க.

— மதராஸ் பேப்பர்ல நல்லாத்தான் எழுதியிருக்கறாங்க. வீரமான கதை, ஒழுக்கமான கதை, குடும்பத்தோட பாக்கலாம்னு.

— எழுதுனவன் குடும்பத்தோட பாத்தானாமா? பொண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பா. அந்த ஊர்ல எவளாவது அடுப்புப் பத்த வெச்சாளா? இருக்கறதே ஒருத்தி. அவளும் ஊட்டு வாசல்ல நின்னுட்டுத் தூரத்தையே பாத்துட்டிருக்கறா. அம்முட்டு ஆம்பளைங்களுக்கும் சோறு யாருங்க ஆக்கறது?

— ஆக்கிப் போட்டுட்டுத்தான் வந்து நின்னாளோ என்னமோ.

— சிரிக்காதீங்க. நீங்க வாய் பேசாத படத்துக்கு மூங்கில் குச்சியை நீட்டிக் கதை சொல்றவரு. இங்கிலீஸ் எழுத்து வந்தா உங்களுக்குப் புரியுது. தட்டிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கற எங்களுக்கு உங்க கொரலும் குதிரை வாலுந்தான்.

— குதிரை வாலா?

— ஆமா. எங்கண்ணன் கட்டி வெச்ச தட்டி படத் துணியில பாதியை மறைக்குதே. தலை உங்களுக்கு, வாலு எங்களுக்கு.

— உங்கண்ணன் குப்பண்ணன் பொம்பளைங்களை வர உட்டதே பெருசு. இந்தப் பெருமாட்டி ஊருல அவரு வேண்டாம்னா ஒரு சீலைத் தலைப்பு கூடாரத்துப் பக்கம் போயிருக்குமா?

— நேத்துப் படத்துல அவ தலையில துணி இல்லீன்னு எந்திரிச்சுப் போறேன்னாரு. கால் ரெண்டு பக்கமும் போட்டுக் குதிரை மேல உக்காந்தப்பவும் எந்திரிச்சாரு. ஆனாப் போகல. கடைசி வரைக்கும் இருந்து பாத்துட்டுத்தான் திட்டுனாரு!

— இன்னிக்கு உங்க பக்கத்து வாசலையும் தட்டி வெச்சுச் சாத்தப் போறாராம். நேத்து வெளியிலிருந்து பசங்க எட்டிப் பாத்தாங்களாம்.

— கோழியைப் பஞ்சாரத்துல கவுக்கற மாதிரியா? நல்லா இருக்குது.

— புடிக்காட்டி வராத. நான் மட்டும் போய்ச் சொல்லிட்டு வந்தர்றேன்.

— அட போங்க. பாதியைக் காட்டிட்டு மீதி நாளைக்குன்னா எப்படி வராம இருக்கறது? அந்தப் பையன் குண்டு பட்டு அவ ஊட்டு வாசல்ல உழுந்து கெடக்கறான். இன்னொண்ணும் கேக்கோணும்னு இருந்தேன். தலையில எறகு வெச்சிருக்கறாங்களே, அவிங்க யாருங்க?

— அந்த நாட்டுல முந்தியே இருந்தவங்க. இவங்க பொறகு வந்தவங்க.

— முந்தி இருந்தவங்க ஊட்டுக்கு இவங்க வந்துட்டு, அவிங்களையே சுடறாங்களா? அதுல ஒருத்தன் நம்ம அகளி மலைப் பக்கமிருந்து தேன் கொண்டு வருவானே, அவனாட்டவே இருந்தான். அவன் உழுகறப்ப எல்லாரும் கை தட்டறாங்க. எனக்குத் தட்டத் தோணல. பேப்பர்காரன் அதைப் பத்தி என்ன எழுதியிருந்தான்?

— ஒண்ணும் எழுதல.

— அப்ப என்னத்தப் பாத்தான் அவன்? சரி, பொழுது போயிருச்சு. கன்னுக்குட்டியைப் புடிச்சுக் கட்டுங்க. நான் பாலை உறியில வெச்சுட்டுச் சீலை மாத்திட்டு வந்தர்றேன்.

*

— கை எப்படி இருக்குது மாப்ளே?

— தோலு உரியுதுங்க மச்சான். வெரலை மடக்க முடியல.

— வெளக்கெண்ணெய் போடுங்க. ஊட்டுல யாரு ஒத்தாசை?

— அக்கம்பக்கத்துல இருந்து வந்து மாட்டைக் கறந்து குடுத்துட்டுப் போறாங்க. நீங்க உக்காருங்க.

— உக்காரல. நான் என்னத்துக்கு வந்தேன்னா, நாளைக்குச் சித்தூர் கோடதியில ஜட்ஜி முன்னால உங்க சாட்சி மொழி எடுக்கறாங்க. நீங்க சொல்றதை எழுதிக்குவாங்க. கையெழுத்துப் போடக் கை இல்லீன்னாலும் பரவாயில்ல, வாயால சொன்னாப் போதும்னு குமாஸ்தாகிட்டக் கேட்டுட்டு வந்துட்டேன்.

— என்ன சொல்லோணுங்க?

— நடந்ததைத்தான். மிஷின் சுத்துன பொன்ராஜ் சாராயம் குடிச்சிருந்தான். கை நடுங்குச்சு. மிஷின்ல நெருப்புப் புடிச்சுது. கூடாரம் எரிஞ்சுது. அம்முட்டுத்தான்.

— அவன் குடிக்கலீங்களே.

— தோட்டந் தோட்டமா மலையில சுத்தித் தொரைமாருக்கும் கங்காணிக்கும் படம் காட்டிட்டு எறங்கி வந்தவன். குடிக்காமயா இருப்பான்?

— மத்தியானத்துல இருந்து அவன்கூடத்தான் இருந்தேன். நீராகாரம் குடிச்சான். அதுவும் மயிலா குடுத்து உட்டது.

— மாப்ளே, நாம ஒறம்பரை, பொண்ணு குடுத்து எடுத்தவங்க. அவன் யாரு? திருநெல்வேலிப் பக்கத்து ஆளு. இன்னிக்கு இங்க, நாளைக்கு எங்கியோ.

— நாளைக்கு ஜெயிலுங்க. அவன் சம்சாரம் வேலுத்தாய் மலையிலிருந்து எறங்கி வந்து ஸ்டேஷன் வாசல்ல உக்காந்திருக்கறா. என்னைப் பாத்தா. என் கையைப் பாத்தா, அவ புருசன் கையும் இப்படித்தான் வெந்து கெடக்குதுன்னா.

— பாவந்தான். நான் இல்லீங்கல. ஆனா நான் என்னத்துக்குச் சொல்றேன்னா, குத்தம்னு ஒண்ணு யாரு தலையிலயாவது உழுந்தே ஆகோணும். நம்மூருத் தலையில உழுகக் கூடாது.

— நம்மூருத் தலையிலயா, உங்க தலையிலயான்னு கேக்கறேன்.

— என் தலையில எதுக்கு உழுகோணும்? நான் என்ன கொள்ளி வெச்சனா?

— அவன் உங்ககிட்டச் சொன்னானுங்களா இல்லீங்களா? படச்சுருள் ஓடிட்டே இருந்தாத்தான் சூடு தாங்கும். நின்னுட்டா வெளக்கு ஒரே எடத்துல சுட்டுப் பத்திக்கும்னு?

— சொன்னான்.

— பொம்பளைங்க பாக்கக் கூடாதது வந்தா என் தொப்பியை முன்னால வெச்சு மறைச்சுக்கறேன், ஆனாச் சுத்தறதை நிறுத்த மாட்டேன், எல்லா ஊர்லயும் அப்படித்தான் பண்றேன்னு?

— மறைச்சாப் போதுமா மாப்ளே? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. தொப்பியை வெச்சா இருட்டாயிருது. ஆனா மிஷின் ஓடற சத்தம் கேக்குது. அந்த இருட்டுக்குள்ள அவன் அவளை என்ன பண்ணிட்டிருக்கறான்னு ஒவ்வொருத்தி மனசுலயும் ஓடாதா? பாத்தாலாவது இம்முட்டுத்தான்னு போயிரும். மறைச்சா ஊரு முழுக்க நெனைக்குமே! அதனாலதான் மறைக்காத, நிறுத்துன்னேன். அது நடக்கவே கூடாதுன்னேன்.

— அவன் நிறுத்தல.

— நிறுத்தல. திமிரு.

— அதனால கையைப் புடிச்சீங்க.

— நான் புடிக்கல. பக்கத்துல நின்ன பொங்கியண்ணன் புடிச்சான்.

— புடிடா அவன் கையைன்னு கத்துனது யாருங்க? நான் துணிப் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். அங்க வரைக்கும் கேட்டுது.

— …குடும்பத்தோட உக்காந்திருக்கற எடத்துல கத்தாம? எங்கூட்டுப் பொம்பளைங்க, உங்கூட்டுப் பொம்பளைங்க, அம்முட்டுப் பேரும் இருக்கறாங்க. பேப்பர்காரனுக்கென்ன, வீரம், ஒழுக்கம்னு எழுதிட்டுப் போயிருவான். நீங்களும் அதைப் படிச்சுட்டு வந்து ஊருக்குச் சொன்னீங்க. உங்க பேச்சை நம்பித்தானே நான் சரின்னேன்?

— ஆமாங்க. அதை நானும் நெனைச்சுட்டுத்தான் இருக்கறேன்.

— நெனைங்க. என் மேல மட்டும் போடாதீங்க.

— அந்தக் கயிறு யாரு கட்டுனதுங்க மச்சான்?

— எந்தக் கயிறு?

— பொம்பளைங்க பக்கத்து வாசல் தட்டிக் கயிறு. தேங்காநாரு. தண்ணியில நனைச்சுக் கட்டியிருந்துது.

— நனைச்சாத்தான் எறுகும். பசங்க அவுத்துட்டு எட்டிப் பாக்கறாங்கன்னு…

— நெம்ப நல்லா எறுகியிருந்துதுங்க. ஆம்பளைங்க நாங்க கூடாரத் துணியைக் கிழிச்சுட்டு முன்னால வெளிய வந்துட்டோம், பொம்பளைங்க பக்கம் சுத்தியும் கீத்துத் தட்டி. நான் சுத்தி ஓடி வந்து அவுக்கறேன், முடிச்சு வரல. அருவா இல்ல. பல்லுல கடிச்சேன். மேல கீத்து எரிஞ்சு கை மேல உழுகுது. உள்ள அவ கொரலு கேட்டுது.

— வேண்டாம் மாப்ளே.

— என்னைக் கூப்புடல. அண்ணா, கயிறு, அண்ணா, கயிறுன்னுதான் கத்துனா. நீங்க கட்டுனதுன்னு அவளுக்குத் தெரியுமே. நீங்கதான் அவுக்கோணும்னு கூப்புட்டா.

— வேண்டாம்னேன்!

— சரிங்க. சொல்லல.

— நானும் ஓடி வந்தேன். கூட்டம் உடல. எனக்கு மட்டும் என்ன, கல்லா? கூடப் பொறந்தவ. தூக்கி வளத்தவன் நானு. அவ கண்ணாலத்துக்கு இந்த ஊரே பாக்காத மாதிரிப் பந்தல் போட்டவன்.

— போட்டீங்க.

— அவ போயிட்டா. இனி நான் ஜெயிலுக்குப் போயி அவளைக் கொண்டாந்தர முடியுமா? நான் என்னத்துக்குச் சொல்றேன்னா, இருக்கறவங்களைப் பாக்கோணும். சின்னவ கமலாத்தாள் இருக்கறா. அவளுக்கும் வயசாச்சு. காரியம் முடிஞ்சு நாளாச்சு, யாரும் தப்பாச் சொல்ல மாட்டாங்க. அக்கா இருந்த ஊட்டுக்குத் தங்கச்சி வர்றது நம்ம பக்கத்துல இல்லாததா? நான் வெளிய இருந்தாத்தானே முன்ன நின்னு பண்ணி வெக்க முடியும்?

— கமலாத்தாளைக் கேட்டீங்களா?

— அவளை எதுக்குக் கேக்கறது?

— அவ படத்துக்கு வரலியே. அதனாலதான் இருக்கறா. கேட்டுப் பாக்கலாமில்ல.

— கண்ணாலமாகாத புள்ளையைக் கூடாரத்துக்கு உடறவனில்ல நானு. அந்த ஒண்ணாவது என் பேச்சைக் கேட்டு ஊட்டுல இருந்துச்சே.

— மயிலாவும் உங்க பேச்சைத்தாங்க கேட்டா. தட்டிக்கு உள்ளதான் உக்காந்திருந்தா.

— இம்முட்டுப் பேசறீங்களே, ஊருல என்ன பேசறாங்க தெரியுமா? புருசன் கதை சொல்றாருன்னு அவளோட போய்ச் சேந்த நாலு பொம்பளைங்களையும் ஊடு ஊடாக் கூப்புட்டுக் கூட்டிட்டுப் போனது மயிலாத்தாள்தான்னு பேசறாங்க. அவங்க ஊட்டு ஆளுங்க அவளைச் சாபம் உடறாங்க. நீங்க குடிகாரன் மேல சொன்னா, அந்தப் பேச்சு அமுந்து போகும். அவ பேருக்காகவாவது சொல்லுங்க.

— அவ பேருக்காகவா?

— அவ பேருக்காகத்தான்.

— அவ பேருக்குத்தாங்க நான் உள்ளதைச் சொல்லப் போறேன். பொன்ராஜ் குடிக்கல. நிறுத்தாதீங்கன்னு கெஞ்சுனான். கையைப் புடிச்சாங்க. வாசல் கட்டியிருந்துது. நாலே பேச்சு. சொல்லிட்டு வந்தர்றேன்.

— ஓ. முடிவு பண்ணிட்டீங்களா?

— பண்ணிட்டேன்.

— பண்ணுங்க. சொல்லுங்க. நானும் வர்றேன் கோடதிக்கு. எதுக்குக் கையைப் புடிச்சீங்க குப்பண்ணான்னு கேப்பாங்கல்ல? சொல்லுவேன். துணி மேல ஒருத்தன் குண்டு பட்டுக் கெடக்கறான். தலையில துணி இல்லாத ஒருத்தி ஓடி வர்றா. அவனை மடியில போட்டுக் கட்டிப் புடிக்கறா. மொகத்தோட மொகம் வெக்கறா. எங்கூடப் பொறந்தவ பாத்துட்டு உக்காந்திருக்கறா. மானமுள்ள அண்ணன் என்ன பண்ணுவான்? நிறுத்துன்னுதான் சொல்லுவான். எந்த ஜட்ஜி வேணும்னாலும் கேக்கட்டும். அவருக்கும் தங்கச்சி இருக்கும். தப்புன்னு சொல்லட்டும் பாக்கலாம்!

— மீதிப் படத்தை நீங்க பாக்கலீங்க மச்சான்.

— யாரு பாத்தா? அதோட எரிஞ்சு போச்சு.

— நான் பாத்தேன். அன்னிக்கு மத்தியானம் பொன்ராஜ் சுருளைப் பிரிச்சு வெயில்ல புடிச்சுக் காட்டுனான். ராத்திரி தடுமாறாமச் சொல்றதுக்கு, எழுத்து வர்ற எடமெல்லாம் முன்கூட்டியே படிச்சுக்குவோம்.

— படிச்சா? அவ அவனைக் கட்டிப் புடிக்கலியா?

— புடிக்கறா. அதுக்கடுத்தாப்புல எழுத்து வரும். அதைப் படிச்சுச் சொல்லத்தான் நான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள உங்க சத்தம் வந்துருச்சு.

— என்ன எழுத்து?

— ரெண்டு பேரும் சின்னதுல கூண்டு வண்டி கவுந்து ஆளுக்கொரு பக்கமாப் போனவங்களாம். அவன் சட்டையைக் கிழிச்சுக் காயத்தைக் கட்டறப்பத்தான், தோள்ல இருந்த பழைய தழும்பைப் பாத்து அவளுக்கு அடையாளம் தெரிஞ்சு கட்டிப் புடிக்கறா.

— என்ன அடையாளம்? அவன் யாரு அவளுக்கு?

— அண்ணனுங்க மச்சான்.