கம்பியில்லாப் போன் வைத்த வீடு

— எழுதி வெச்சிக்கோ பூபாலா. மனுச குலமே ரெண்டு வகைதான். கம்பிக்குக் கட்டுப்பட்டு ஒரே எடத்துல நின்னு பேசறவன் ஒருத்தன். கம்பியை அறுத்துப் போட்டுட்டு, சுதந்திரமா, நடந்துகினே பேசறவன் ஒருத்தன். இந்தத் திருத்தணியில ரெண்டாவது வகை யாருன்னு நெனைக்கிற?

— கரன்ட் இருக்கற வரைக்கும் நீங்கதான் பாவா.

— இன்னாடா சொல்ற?

— தப்பா நெனைக்காதீங்க. நீங்க அறுத்துப் போட்ட கம்பி அதோ டிவி ஸ்டாண்டு பக்கத்துல பிளக்குல மாட்டிகினு கீது. அந்த அடிப்பெட்டிக்குக் கரன்ட் போனா உங்க சுதந்திரமும் போச்சு. முந்தாநேத்து சாயங்காலம் அடிச்சேன், ரிங்கே போவல.

— அது குரங்கோட குத்தம். மலையிலருந்து எறங்கி வந்து டிரான்ஸ்பார்மர்ல குதிச்சா என் போனு இன்னா பண்ணும்? நல்லதைப் பேசு. ஒரு பெட்டி, மூணு ரிசீவர். ஹால்ல ஒண்ணு, அடுப்படியில ஒண்ணு, மாடியில என் பொண்ணு மோனிஷா ரூம்ல ஒண்ணு. மெட்ராஸ்ல கடைக்காரன் எழுந்து நின்னு சொன்னான்டா, 'சார், இந்தக் காலத்துல இதைக் கேட்டு வந்தவரு நீங்க ஒருத்தர்தான்'னு.

— கும்பிட்டுகினே சொன்னானா, சிரிச்சிகினே சொன்னானா?

— உன் அக்காளைக் கட்டுனதுக்கு உன் வாயையும் சேர்த்து சீர் வாங்கிகினேன் பாரு. இரு, மோரு சொல்றேன். குடிச்சிட்டுப் பேசு. ...ஹலோ, அடுப்படியா? ரெண்டு மோரு. கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு. வெச்சிடு.

— அடுப்படி இங்கருந்து துப்புனா விழற தூரம் பாவா. அதுக்கு இன்டர்காமா?

— கத்திக் கூப்புடறது பட்டிக்காட்டான் பழக்கம். நம்ம அந்தஸ்துக்கு அது ஆவாது.

— அந்தஸ்து சரி. போன மாசம் இந்த ரிசீவர் காணாம போயி, அடிப்பெட்டியில பட்டனை அமுக்கனா, அரிசி டிரம்முக்குள்ளருந்து சத்தம் வந்துச்சாமே?

— நடந்துகினே பேசறவன் எங்கனா வெச்சிடுவான். செக்குமாடா ஒரே எடத்துல நிக்கறதுக்கு?

— தெரு முனை வரைக்கும் கையில எடுத்துகினு போறீங்களாம். நாலாவது வீடு தாண்டுனா சிக்னல் கெடையாதுன்னு அந்தத் தெருப் பசங்களுக்கே தெரியும். அப்பவும் காதுல வெச்சிகினு, 'ஆங், கலெக்டர்கிட்ட நான் சொல்லிடறேன்'னு பேசிகினே போறீங்களாம்.

— எவன் சொன்னது?

— இஸ்திரி போடறவரு. உங்க சட்டையைத் தேச்சிகினே சொன்னாரு.

— காபிங்க.

— மோரு கேட்டேன்டி பிரேமா! பாத்தியா பூபாலா உன் அக்காளை? தெனமும் இதே கூத்து. மோரு கேட்டா காபி வருது, வெந்நீ கேட்டா காபி வருது, மாத்திரை கேட்டாலும் காபிதான் வருது. காது சுத்தமா போச்சு. செவிட்டுக்கு இன்டர்காம் வாங்கிக் குடுத்த ஒரே புருசன் நான்தான்.

— மோரு கொண்டாரேங்க.

— வெய்யி, வெய்யி. அந்த மூலையில உக்காரு. கல்யாண விசயம் பேசப் போறோம், குறுக்க பேசாத. சொல்லு பூபாலா, கனகம்மாசத்திரம் போனியே, பையனோட அப்பன் இன்னா சொன்னாரு?

— ராஜவேலு சாரா? உங்க மேல உசுரையே வெச்சிகினு கீறாரு பாவா. சம்பந்தம் முடிஞ்ச மாதிரிதான்.

— வெக்காம? இந்தப் போன்ல எத்தினி தடவை பேசிகீறேன்! ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த ஆளுக்கு மேனர்ஸ் பத்தாது. நான் பேசிகினே இருக்கேன், அவரு பாட்டுக்கு அவரு கதையை ஓட்டிகினு போறாரு. வாத்தியாரா இருந்தவரு இல்ல? எதிர்ல உக்காந்திருக்கிறது பசங்கன்னு நெனப்பு. நடுவுல நடுவுல 'லைன்ல கீறீங்களா, லைன்ல கீறீங்களா'ன்னு வேற. பயபக்தி.

— நீங்க இன்னா பேசினீங்க பாவா அவருகிட்ட?

— பேசறதா? பாடமே எடுத்தேன். ஒண்ணு, கல்யாணம் மண்டபத்துல. மலை மேல போயி தாலியைக் கட்டிட்டு, கீழ எறங்கி ஓட்டல்ல டிபன் துன்னுட்டுப் போறதுக்கு நான் அனாதைப் பொண்ணைப் பெத்து வெக்கல. அப்புறம் பத்திரிகை. என் பேருக்கு முன்னாடி 'ஆன்மிகச் செம்மல்', 'ஏரிப்பாசனக் காவலர்' ரெண்டும் வரணும்.

— அந்தப் பட்டமெல்லாம் யாரு குடுத்தது?

— குடுக்கற தகுதி இங்க எவனுக்குடா கீது? நானே வெச்சிகினேன். அப்புறம் பையன் தணிகைவேலு, பம்பு செட்டு ரிப்பேர் கடையை மூடிட்டு கவுரவமா ஒரு வேலைக்குப் போவணும். 'கிரீஸ் கையோட என் மாப்பிள்ளை எனக்கு மாலை போட்டா போட்டோவுல கறை விழும்'னு சொன்னேன். நல்லா இருந்துச்சு இல்ல? எனக்கே சிரிப்பு வந்துச்சு.

— அவரு சிரிச்சாரா?

— 'தங்கமான மனசு சார் உங்களுக்கு'ன்னாரு. அப்பவே தெரிஞ்சிகினேன், ஆளு நம்ம பேச்சுக்கு மயங்கிட்டான்னு.

— இதுக்கு முன்னாடி அரக்கோணத்துக்காரங்க மயங்கினாங்க. பள்ளிப்பட்டு சம்பந்தம் மயங்கிச்சு. நகரிக்காரங்க மயங்கி உழுந்தவங்க இன்னும் எழுந்திருக்கல.

— அவங்க எல்லாம் தரமில்லாத ஆளுங்கடா. அரக்கோணத்தான்கிட்ட இன்னா கேட்டேன்? 'உங்க வீட்ல கக்கூசு எந்த வருசம் கட்டுனது'ன்னேன். ஒரு பொண்ணைப் பெத்தவன் கேக்கக் கூடாதா? அதுக்கு போனை வெச்சிட்டான்.

— நகரிக்காரங்ககிட்ட, 'உங்க ஊருப் பையன் பொண்டாட்டியைக் கொஞ்சறதுக்கும் தெலுங்குல யோசிச்சி தமிழ்ல மாத்தணுமே'ன்னீங்க.

— உண்மைதானேடா?

— நகரிக்காரங்க வேணாம்னு சொன்னப்புறம் மோனிஷா ஒரு வாரம் வேலைக்குப் போவ ரயிலடிக்கு பின்தெரு வழியா சுத்திகினு போனா. தெருவுல யாரும் நிறுத்தி விசாரிக்கக் கூடாதுன்னு.

— குறுக்க பேசாதன்னேன் இல்ல பிரேமா? சுத்திகினு போனா கால் தேஞ்சிடுமா? நடக்கறது ஒடம்புக்கு நல்லது. முப்பத்தொண்ணு ஆச்சு, முப்பத்தஞ்சே ஆவட்டும். என் வாயில வர்ற வார்த்தையைத் தாங்கற சம்பந்தம் கெடைக்கலன்னா என் பொண்ணு இந்த வீட்லயே இருப்பா. எனக்கு மாத்திரை எடுத்துக் குடுக்க ஆளு வேணும். உனக்கு காது கேக்கல.

— சரிங்க.

— நீ சொல்லு பூபாலா. மண்டபம் எது பாத்து வெச்சிகீறாங்க?

— மண்டபம் இல்ல பாவா. மலை மேலதான். நாள் குறிச்சாச்சு. ரெண்டு வீட்டு ஆளுங்க மட்டும், கீழ எறங்கி ஓட்டல்ல டிபன்.

— இன்னாது?

— பத்திரிகையில பட்டம் கிட்டம் எதுவும் கெடையாது. ரெண்டு அப்பா பேரும் வெறுமனே. பையன் கடையை பெருசு பண்றான். மோனிஷா வேலையை விட வேணாம், இங்கருந்து போற அதே ரயில்ல போவட்டும்னு ரயிலடி பக்கத்துலயே வாடகைக்கு வீடு பாத்துட்டாங்க.

— யாரைக் கேட்டு?

— உங்களைக் கேட்டுதான் பாவா. ஒண்ணு ஒண்ணா போன்ல கேட்டாராம். நீங்க எல்லாத்துக்கும் ஒத்துகினீங்களாம்.

— நானா? நான் 'கெடையாது, கெடையாது, கெடையாது'ன்னு தொண்டை கிழியக் கத்துனேன்டா!

— அவரு சொன்னதை அப்படியே சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. 'இத்தினி வருச வாழ்க்கையில நான் பேசறதை குறுக்க விழாம கேட்ட ஒரே மனுசன் உங்க பாவாதாங்க. என் பொண்டாட்டிகூட கேட்டதில்ல. நான் எது சொன்னாலும் ம்ம், ம்ம்ங்கறாரு. பதிலுக்கு ஒரு சொல்லு கெடையாது. இப்படி அடக்கமான வீட்டுலருந்து பொண்ணு வர நாங்க குடுத்து வெச்சிருக்கணும்'னு கண்ணு கலங்கிட்டாரு.

— அடக்கமா? நானா?

— எனக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்பர் மாறி வேற யாருக்கோ போவுதுன்னு நெனச்சேன். இப்ப ஒரு சோதனை பண்ணலாம். உங்க ரிசீவர்ல என் செல்லுக்கு அடிங்க. நான் வாசல்ல போய் நிக்கறேன்.

— அடிச்சிட்டேன். ...ஹலோ. டேய் பூபாலா, உன்னை மாதிரி ஒரு நன்றி கெட்டவனை என் ஆயுசுல பாத்ததில்லடா. நான் எடம் வாங்கிக் குடுக்கலன்னா இன்னிக்கி நீ பஸ் ஸ்டாண்டுல பூட்டுச் சாவி வித்துகினு இருப்ப. கேக்குதா?

— உள்ள வந்துட்டேன் பாவா. இப்ப இன்னா சொன்னீங்க?

— உன்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொன்னேன்.

— 'ம்ம்... ம்ம்ம்... ம்ம்'. இவ்ளோதான் கேட்டுச்சு. மாடு தவிடு தின்ற மாதிரி. குடுங்க இப்படி. ஏன் பாவா, கீழ மைக் ஓட்டை இருக்கணுமே, இங்க இன்னா மஞ்சளா?

— சந்தனம்டா. ஆயுத பூஜை அன்னிக்கு வெச்சது. வீட்ல கீற எல்லா சாமானுக்கும் வெக்கிறோம், இதுக்கு வெக்காம உட்டா குத்தமில்ல? அன்னையிலருந்து வெள்ளிக்கெழமை தவறாம நானே என் கையால வெச்சிகினு வரேன். மூணு ரிசீவருக்கும். கீழ சின்னதா ஒரு குழி கீது பாரு, பொட்டு வெக்கறதுக்குன்னே கம்பெனிக்காரன் பக்தியோட செஞ்சி குடுத்திருக்கான்.

— பாவா, அந்தக் குழியிலதான் நாம பேசறது.

— பொட்டு வெக்கறதுக்கு இல்லியா அது?

— அப்ப ஆயுத பூஜையிலருந்து நீங்க பேசுனது ஒண்ணும் யாருக்கும் போய்ச் சேரல.

— தண்ணி லாரிக்காரனை நாறடிச்சேனே! அன்னையிலருந்து அடங்கிக் கெடக்கானே!

— அவன் ஏற்கெனவே அடங்கினவன்தான். பொதட்டூர்பேட்டையில உங்க சித்தப்பா செத்ததுக்கு இதுலதானே துக்கம் விசாரிச்சீங்க?

— விசாரிச்சேன். கூடவே அந்த வாய்க்கா வரப்பு தகராறையும் நாலு கேள்வி கேட்டேன். செத்துட்டா வரப்பு நேராயிடுமா?

— அந்த வீட்ல இன்னும் பேசிகினு கீறாங்க. 'சுந்தரமூர்த்தி பேச முடியாம தேம்பித் தேம்பி அழுதான், ரத்த சொந்தம்னா அதுதான்'னு. கருமாதியில உங்களுக்கு முதல் இலை போட்டாங்களே, அதுக்குத்தான்.

— அய்யோ, முருகா!

— அதான் அக்கா, மோரு கேட்டா காபி கொண்டு வரியா?

— ஆங். எனக்கு ம்ம்னுதான் கேக்கும். காபியாதான் இருக்கும்னு எடுத்துகினு வந்துடுவேன். காது மந்தமாயிடுச்சுன்னு இவங்க சொன்னாங்க, சரின்னு உட்டுட்டேன்.

— நவுருங்க ரெண்டு பேரும். இந்தா, நகத்தால சுரண்டறேன். ஊப்! ஊப்! பாரு, வந்துடுச்சு. ஊமையாக்கிட்டானுங்கடா என்னை. இப்பவே அந்த வாத்தியாருக்கு ஆரம்பத்துலருந்து அத்தினியும் திருப்பிச் சொல்றேன். கிரீஸ், கறை, போட்டோ, ஒண்ணு உடமாட்டேன்.

— வேணாம் பாவா. அந்தப் பையன் நல்லவன். மோனிஷாவுக்கும் புடிச்சிருக்கு. ரெண்டு பேரும் செல்லுல பேசிக்கறாங்க. இத்தினி நாள் பேசாம இருந்ததால உங்களுக்கு இன்னா கொறைஞ்சி போச்சு? ஊரே மதிக்குது.

— பேசாம இருந்து வர்ற மதிப்பு எனக்கு எதுக்குடா? அது கல்லுக்கும் கெடைக்குது.

— ஏங்க, ஒரே ஒரு தடவை எனக்காக சும்மா இருங்களேன். அவ இந்த ரெண்டு மாசமாதான் சிரிக்கிறா.

— சிரிப்புக்காக குடும்ப மானத்தை வித்துட முடியுமா? போயி அடுப்பைப் பாரு. ...ஆ, ரிங் அடிக்குது! பாத்தியா நம்பரை, கனகம்மாசத்திரம்! முருகனே கனெக்‌ஷன் குடுத்துட்டான்.

— அக்கா, புடுங்கு அந்தப் போனை!

— பேசட்டும் பூபாலா. நீ காபியைக் குடி, ஆறுது.

— ஹலோ! ராஜவேலு சார்! சுந்தரமூர்த்தி. இப்பதான் நெசமான சுந்தரமூர்த்தி. நல்லா காதைத் தொறந்து வெச்சிக்கங்க. மலை மேல கல்யாணம் கெடையாது. உங்க பையன் கடை எனக்குப் புடிக்கல, உங்க பையன் மூஞ்சியும் எனக்கு... இன்னாது? சந்தோசமா? யோவ், நான் கெடையாதுங்கறேன், நீ சந்தோசம்ங்கற? ...பத்திரிகை அடிச்சி வந்துடுச்சா? யாரைக் கேட்டு அடிச்ச? ஹலோ! லைன்லதான்யா கீறேன்! ...என் மாதிரி மனுசன் ஆயிரத்துல ஒருத்தனா? அது எனக்கே தெரியும், நான் சொல்றதைக் கேளு! ஹலோ! நாளைக்கு தட்டு மாத்த வரீங்களா? வந்தா நாயை அவுத்து... ஹலோ! ஹலோ! வெச்சிட்டான். 'ரொம்ப நன்றி சம்பந்தி'ன்னுட்டு வெச்சிட்டான்டா!

— கேக்கலையா அவருக்கு?

— டேய், நான்தானே சுரண்டுனேன்? சந்தனம் பூரா வந்துச்சா இல்லியா?

— வந்துச்சு பாவா. உங்க வேட்டி மேலதான் கொட்டிகினு கீது.

— அப்புறம் ஏன்டா கேக்கல?

— நீங்க வெள்ளிக்கெழமை வெக்கிற சந்தனம் செவ்வாக்கெழமைக்குள்ள உதிர்ந்துடுதுங்க. அதான் போன மாசம் மூணு போனுக்கும் மோனிஷா அந்தக் குழி அடியில மெழுகு உருக்கி ஊத்திட்டா.