திங்கட்கிழமை ரேகை

விசில். மூன்று முறை. நீளமாக.

புளியமரங்களுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அம்மா நின்றுவிடுகிறாள். கையைப் பிடித்து இழுக்கிறேன். பாறை. முள். மறுபடி பாறை. வத்தல்மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை. 1942. ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை. வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை.

"நிக்காதீங்க! மேல ஏறுங்க! ஓடி! ஓடி!"

கீழே வரப்பில் நின்று சித்தி கத்துகிறாள். அப்பாவின் தம்பி மனைவி. கன்னடம் பேசும் வீட்டுப் பெண். பதறினால் இரண்டு பாஷையும் கலந்து வரும். கன்னடத்தில் 'ஓடி' என்றால் ஓடுங்கள். பிறகு ஓர் அறை விழும் சத்தம். சித்தியின் குரல் நின்றுபோனது.

அம்மாவின் வலது காலில் புண். பர்மா காட்டில் பிடித்தது. ஆறு மாதமாக ஆறவில்லை. மிதித்த பாறையில் எல்லாம் ரத்தம். நான் திரும்பித் திரும்பி அதை மண்ணால் மூடிக்கொண்டே ஏறினேன்.

நாங்கள் திருடவில்லை. யாரையும் அடிக்கவில்லை. எங்கள் மேல் இருந்த குற்றம் அம்மாவின் முகம். அதில் பாதி என் முகத்திலும் இருந்தது.

என் பெயர் ராசம்மா. அப்பா வைத்த பெயர். அவர் ஊர் இந்த மலையடிவாரம். இருபது வயதில் கப்பலேறி ரங்கூன் போனார். அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். பிறகு மேஸ்திரி ஆனார். ஆலை வாசலில் மீன்கஞ்சி விற்ற மா டின் என்ற பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். நான் ஒரே பிள்ளை.

அந்த ஊரில் இந்தியர்களுக்கு 'காலா' என்று பெயர். வெளியிலிருந்து வந்தவன் என்று பொருள். பள்ளிக்கூடத்தில் என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கணக்கு வழக்கில்லாமல் வந்து குவிகிறார்கள், நம் வேலையைப் பிடுங்குகிறார்கள், நம் பெண்களைக் கட்டுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். 1938இல் கலவரம் மூண்டது. அப்பா நான்கு நாள் தவிட்டுக் கிடங்கில் ஒளிந்திருந்தார். அம்மா வாசலில் நின்றாள். கத்தியோடு வந்தவர்களிடம், இங்கே காலா யாரும் இல்லை என்று சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்து நம்பினார்கள். அன்று அந்த முகம் எங்களைக் காப்பாற்றியது.

1941 டிசம்பர் 23. காலை பத்து மணி இருக்கும். முதலில் அபாயச் சங்கு ஊதவில்லை. தேனீக்கூட்டம் மாதிரி ஓர் இரைச்சல்தான். ஆட்கள் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். வெள்ளியாக மின்னுகிறது என்று யாரோ விரலை நீட்டினார். பிறகு காது அடைத்துப்போனது. எதிர்வீடு இல்லை. விரலை நீட்டியவரும் இல்லை.

ஜப்பான் குண்டுக்குத் தப்பி அப்பாவின் ஊருக்குப் புறப்பட்டோம். மண்டலே வரை ரயில். அங்கிருந்து படகு. அப்புறம் நடை. எங்கள் தெருவில் பதினொரு பேர் சேர்ந்து நடந்தோம். காட்டில் ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. சோதனைச் சாவடி. வெள்ளைக்காரருக்கு ஒரு பாதை. அங்கே கூடாரம் இருந்தது, கொதிக்க வைத்த தண்ணீர் இருந்தது. கறுப்பருக்கு மற்றது. சிப்பாய் எங்கள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்த்தான். தடியால் வழி காட்டினான்.

எங்கள் பாதையில் தண்ணீர் இருந்த இடமெல்லாம் பிணம் இருந்தது. ஏழாம் நாள் அப்பாவுக்கு வாந்திபேதி கண்டது. காலையில் நடந்தவர் சாயங்காலம் எழவில்லை. கூட வந்தவர்கள் அடக்கம் செய்ய நேரம் தரவில்லை. "நிக்காதே! பின்னால ஆளு வருது! நட!" அம்மா மூங்கில் இலையால் அப்பாவின் முகத்தை மூடினாள். அவர் மடியிலிருந்த காகிதங்களை எடுத்துக்கொண்டோம். எல்லாவற்றிலும் அவர் பெயர் மட்டுமே இருந்தது. மனைவி என்றோ மகள் என்றோ ஒரு வரி இல்லை.

சித்திரைக் கடைசியில் மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கினோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் எங்களோடு ஒன்பது பேர். போலீஸ் வரிசையில் நிற்க வைத்தது. பெயர், ஊர், சாதி. ஏழு பேரை அனுப்பிவிட்டார்கள். எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

"கண்ணப் பாருங்க. சப்பான்காரி மாரியே இருக்கறா."

பிளாட்பாரத்தில் யாரோ சொன்னது. ஜப்பான்காரன் மதராசில் இறங்கப்போகிறான் என்று நாடே நடுங்கிக்கொண்டிருந்த நேரம். அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. போலீஸ் பெயரை எழுதிக்கொண்டு விட்ட பிறகு, நாங்கள் பின்னால் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் போனோம்.

சித்தப்பா வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. சித்திதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கூடத்துச் சுவரில் எங்கள் படம் தொங்கியது. ரங்கூன் ஸ்டுடியோவில் எடுத்து அப்பா அனுப்பியது. நடுவில் நான், இரண்டு பக்கமும் அவர்கள். அதைக் கண்டதும் அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். வழி நெடுக அவள் அழவில்லை.

மறுவாரம் களத்துமேட்டில் ஊர் கூடியது. எங்களை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று பேச்சு. நாங்கள் வைக்கோல் போருக்கு இந்தப் பக்கம் இருந்தோம். எல்லாம் கேட்டது.

"இருக்கறவங்களுக்கே திங்கக் கேவுரு பத்தல. இவிங்கள யாரு வரச் சொன்னா?"

"அவன் பொண்ணுங்க அது. நம்ம ரத்தம்."

"ரத்தம்னு எதுல எழுதியிருக்குது? காயிதம் காட்டச் சொல்லு."

சித்தப்பா பேசவில்லை. தாத்தாவின் நிலத்தை அவர் தன் பெயரில் மட்டும் வைத்து உழுதுகொண்டிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

தர்மபுரி போலீஸ் ஸ்டேஷனுக்கு அம்மாவையும் என்னையும் சித்தப்பாவையும் வரச் சொன்னார்கள். ஏட்டு, அதாவது தலைமைக் காவலர், பெரிய நோட்டைப் பிரித்தார். சித்தப்பாவைக் கேட்டார். இவர்கள் உன் அண்ணன் பெண்டு பிள்ளைதானா? ஆமாம் என்று கையெழுத்துப் போட்டால் போதும்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அண்ணன் கப்பலேறிப் போயி இருவத்தஞ்சு வருசமாச்சுங்க. அங்க யாரைக் கட்டுனாரு, என்னன்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

வீடு திரும்பியபோது சுவரில் படம் இல்லை. அந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாக, சதுரமாக இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு திங்களும் ஸ்டேஷன். எட்டு மைல் நடை. கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு கூட்டம் எப்போதும் நிற்கும். ரேகைச் சட்டத்தில் சாதியோடு சேர்த்து எழுதப்பட்டவர்கள். பிறந்த பிள்ளைக்கும் திருட்டுப் பட்டம் கட்டிய சட்டம் அது. பாப்பாத்தி என்ற பெண் கைக்குழந்தையோடு வருவாள். புருஷனோடு நின்று அவளும் ரேகை வைப்பாள். ஒரு திங்களன்று என் விரலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மையி போகாதுக்கா. புளி போட்டுத் தேயி. நீங்க எங்கிருந்தோ வந்தவங்க. நாங்க இங்கயே பொறந்தவங்க. பாரு, ஒரே வரிசையில நிக்கறோம்."

பதினான்கு திங்கட்கிழமை நின்றோம். ஆவணியில் நாடெங்கும் கலகம். எங்கேயோ தந்திக் கம்பியை அறுத்துவிட்டார்கள் என்றார்கள். புது எஸ்.ஐ. வந்தார். பர்மாக்காரியைப் பிடித்து வடக்கே ஏதோ முகாமுக்கு அனுப்ப உத்தரவு என்று பேச்சு அடிபட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்தது. சித்தி வயலுக்கு ஓடிவந்து கத்தினாள். நாங்கள் மலை ஏறினோம்.

மேலே முதல் குடிசை சடச்சியுடையது. சாமையும் கேழ்வரகும் போடும் குடும்பம். அவள், புருஷன், இடுப்பில் ஒரு குழந்தை. அவள் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் காலைப் பார்த்தாள். ஏதோ இலையை மென்று புண்ணில் துப்பிக் கட்டினாள்.

"காட்டுக்குள்ள இருங்க. ஆளு வந்தா நாய் கொலைக்கும். அப்ப சாமைக்குள்ள படுத்துக்கங்க."

மூன்று வாரம். பகல் முழுக்க நாய்க்குரலுக்குக் காது கொடுத்தபடி இருந்தோம். காற்றில் மூங்கில் உரசினால் அம்மா எழுந்து உட்கார்வாள். எனக்குச் சடச்சி தன் சேலையைக் கட்டிவிட்டாள். முகத்தில் கரி பூசினாள். அப்பாவின் நிறம் எனக்கு. கண் மட்டும்தான் அம்மாவுடையது. குனிந்தே இரு என்றாள். வாயைத் திறக்காதே என்றாள். என் ரங்கூன் தமிழ் இரண்டு வார்த்தையில் காட்டிக்கொடுத்துவிடும்.

புரட்டாசி. புதன்கிழமை. பொழுது நன்றாக விடிந்துவிட்டது. நாய் குரைக்கவில்லை. ஒரே ஒரு முறை கத்தியது. பிறகு சத்தமில்லை. அடித்துப் போட்டுவிட்டார்கள்.

"எல்லாரும் வெளிய வா! வெளிய வா!"

அம்மா சாமைக்குள் இருந்தாள். நான் குடிசை வாசலில் மாட்டிக்கொண்டேன். சடச்சி குழந்தையை என் இடுப்பில் திணித்தாள். எஸ்.ஐ., ஏட்டு, நான்கு கான்ஸ்டபிள்கள். அக்கம்பக்கத்துக் குடிசைப் பெண்களையும் சேர்த்து வரிசையாக நிறுத்தினார்கள். எஸ்.ஐ. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் நின்றார். தடியால் என் மோவாயைத் தூக்கினார்.

"யாரு இது?"

"என்ர தங்கச்சிங்க. பேச்சு வராதுங்க அதுக்கு," என்றாள் சடச்சி.

எஸ்.ஐ. ஏட்டைத் திரும்பிப் பார்த்தார். பதினான்கு திங்கட்கிழமை என் கட்டைவிரலைப் பிடித்து நோட்டில் அழுத்தியவர் ஏட்டு. என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இல்லீங்கய்யா. அது இன்னும் செவப்பு."

எஸ்.ஐ. நம்பவில்லை. சடச்சி புருஷனைக் கல்லின் மேல் உட்கார வைத்தார்கள். வலது கையை நீட்டிப் பிடித்தார்கள். துப்பாக்கிக் கட்டை. முதல் அடியில் அவர் பல்லைக் கடித்தார். இரண்டாவதில் எலும்பு உடைந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். குழந்தை வீறிட்டது. குழந்தையின் வாயை நான் பொத்தவில்லை. அதன் அழுகைக்குள் என் அழுகையை ஒளித்துக்கொண்டேன்.

மூன்றாவது அடி விழவில்லை. சாமைக்கதிர் அசைந்தது. அம்மா எழுந்து நின்றாள்.

நொண்டிக்கொண்டே வந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"நான்தான் பர்மாக்காரி. அந்த ஆள விடுங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"பொண்ணு எங்க?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. ஓடைக்கு அப்பால் பழைய கல்குவியல் ஒன்று இருந்தது. அதைக் காட்டினாள்.

"காய்ச்சல்ல செத்துப் போச்சு. அங்க பொதச்சேன்."

எஸ்.ஐ. என்னைக் காட்டினார். "அப்ப இது?"

"இந்த ஊட்டுப் பொண்ணு. எனக்குத் தெரியாது."

நான் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினேன். அவ்வளவுதான் செய்தேன். எஸ்.ஐ. நோட்டில் எழுதிக்கொண்டார். அம்மாவின் கையைக் கட்டினார்கள். இறக்கத்தில் அவள் நொண்டியபடி போனாள். ஒரு முறையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். அவள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் கத்தியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

பாப்பாத்தி பிறகு சந்தையில் சடச்சியிடம் சொல்லியனுப்பினாள். மறுநாளே லாரியில் ஏற்றினார்களாம். கால் கட்டு அவிழ்ந்து தொங்கியதாம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, சித்தப்பா மலை ஏறி வந்தார். முதல் முறையாக. நான் உயிரோடு இருப்பது சித்தி வழியாக அவருக்குத் தெரியும். கையில் சர்க்கார் கடிதம். மா டின், முகாமில் காய்ச்சலில் இறப்பு. எங்கே புதைத்தார்கள் என்று அதில் இல்லை. படம் எங்கே என்று கேட்டேன். அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார். "பயந்துட்டேம்மா," என்றார். அவர் கடிதத்தை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

இதை 1949இல் எழுதுகிறேன். ரேகைச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். பர்மாவிலிருந்து இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். பஸ் நிற்கும் இடத்தில், டீக்கடையில் அதே பேச்சு. இவர்களை யார் வரச் சொன்னது? என்ன அத்தாட்சி இருக்கிறது? படித்தவர்களும் கேட்கிறார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இழந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து நடந்த பதினொரு பேரில் ஏழு பேர் காட்டோடு போனார்கள். சடச்சி புருஷனின் வலது கை. இன்றுவரை அதில் கலப்பை பிடிக்க முடியாது. ஒரு நாய். சித்தியின் இடது காது. அன்று வாங்கிய அறையிலிருந்து அதில் சத்தம் கேட்பதில்லை. பர்மிய மொழி. எனக்குத் தெரியும், பேச ஆள் இல்லை.

என் குடும்பம் மூன்று பேர். ஸ்டேஷன் நோட்டில் மூன்று பேருக்கும் எழுதி முடித்திருக்கிறார்கள். அப்பா, வழியில் இறப்பு. அம்மா, முகாமில் இறப்பு. மகள், தாயின் வாக்குமூலப்படி, மலையில் இறப்பு.

மூன்றாவதை நான் போய்த் திருத்தவில்லை.