கடலுக்கு மாலை போட்ட சாமி

— அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள. ஆலப்புழையில இருந்து கன்னியாகுமரி வரைக்கும் வண்டியில கடலோரமாவே போறோம், சரி. திரும்பி வரும்போது அரவணைப் பாயசத்துக்கு என்ன பண்ணுவ?

— ஏலே இம்மானுவேலு, மெதுவாப் பேசு. ஜக்கம்மா சோறு கொண்டுவர்ற நேரம். பம்புசெட்டு ரூமுக்கு சன்னல் இல்லைன்னா சத்தம் வெளிய போகாதுன்னு நெனப்பா?

— உன் பொண்டாட்டி மட்டுமா? சபரிமலைக்குப் போயிட்டு வந்த சாமின்னா ஊரே கைய நீட்டும். அப்பம் எங்க கோட்டைச்சாமி, அரவணை எங்க கோட்டைச்சாமின்னு கேப்பாக.

— கோட்டயத்துல ஏதாச்சும் ஒரு கடையில பாயசம் வாங்கி, டப்பாவுல அடச்சுக் கொண்டுவந்தா?

— மாதாவே! நான் வேதக்காரன், எனக்கே ஒடம்பு நடுங்குது. அந்தப் பாயசத்த தங்கச்சி கண்ணுல ஒத்திக்கிட்டுச் சாப்பிடும்டா.

— சொல்லாத. அதான் நெஞ்சுக்குள்ள முள்ளாட்டம் குத்திக்கிட்டு கெடக்கு.

— மாலையப் போடாமயே போயிருக்கலாம்ல? "ஜக்கம்மா, நான் கடலப் பாக்கப் போறேன்"னு ஒரு வார்த்தை. வேலை முடிஞ்சது.

— சொல்லுவ. நீ வாத்தியாரு, உனக்கு அரையாண்டு லீவு இருக்கு. இந்தக் கம்பம் பக்கத்துல ஒரு சம்சாரி வெளியூரு கெளம்பணும்னா கல்யாணம் இருக்கணும், இல்லாட்டி எழவு, இல்லாட்டி கோர்ட்டு, இல்லாட்டி கோயிலு. சும்மா போறதுக்கு வழியே கெடையாது. கல்யாணம் எதுவும் வரல. எழவு நம்ம கையில இல்ல. கேஸு போட எனக்கு எதிரியும் இல்ல, அந்த அளவுக்குக்கூட என்னய எவனும் மதிக்கல.

— அதுக்காக ஐயப்பன இழுத்து விட்டுட்ட.

— போட்டப்ப என்ன நெனச்சேன்? கறுப்பு வேட்டி, துளசி மாலை, குமுளி தாண்டுனதும் எல்லாத்தையும் கழட்டிப் பையில வச்சுட்டுப் பேண்ட்ட மாட்டிக்கிடுவோம்னு நெனச்சேன். எவன் கண்டான்? விடியிறதுக்கு முன்னால வாய்க்கால்ல முங்கிப் பல்லு கிட்டிச்சுப் போயி நிக்கேன். கறி இல்ல, பீடி இல்ல, செருப்பு இல்ல. அந்த எஸ்டி மோட்டார் சைக்கிள் கிக்கர வெறுங்காலோட ஒதச்சு ஒதச்சுப் பெருவெரல் நகமே பேந்துருச்சு. பொய்யிக்கு இப்படி மெய்யா விரதம் இருக்கிற கிறுக்கன் நான் ஒருத்தன்தான்டா.

— தோட்டத்துக்குள்ள யாரு பாக்கப் போறா? ஒரு பீடியப் பத்த வையி.

— கையி வரமாட்டேங்குதே. போறது திருட்டுப் பயணம், இருக்கிறது சுத்த விரதம். பயம்டா, வேற என்ன.

— அப்ப வர்க்கலைக் கடற்கரையில மீன் கொழம்பு?

— நீ தின்னு. நான் பக்கத்துல உக்காந்து தயிர்ச்சோறு திங்கேன்.

— மாதாவே, இதுக்கா நான் வீட்டுல அருள்செல்விகிட்டப் பொய் சொன்னேன்? சாமிக்குத் தொணையா பம்பை வரைக்கும் போறேன்னதும் அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு மாப்ள. நேரா ஃபாதர்கிட்டப் போயிச் சொல்லிட்டா. அவரு ஞாயித்துக்கிழமைப் பூசையில என் பேரச் சொல்லி, "மத நல்லிணக்கத்துக்கு நம்ம இம்மானுவேல் சார் ஒரு எடுத்துக்காட்டு"ன்னுட்டாரு. எல்லாரும் திரும்பிப் பாக்காக. நான் செருப்பு வாரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— ஆக ரெண்டு பக்கமும் நல்ல பேரு வாங்கிட்டோம். பெரிய மனுசங்கதான்.

— வழியப் பாரு. இந்தா, பள்ளிக்கூடத்து அட்லஸ். ஆலப்புழ இங்கன, கன்னியாகுமரி அங்கன. ஒரு வெரக்கடைதான்.

— அந்த வெரக்கடைக்குள்ள என் எஸ்டி எத்தன எடத்துல படுக்கும்?

— படுக்குற எடத்துலயெல்லாம் கடல் தெரியும்ல? வேற எந்த ரோட்டுல இந்த வசதி இருக்கு? அது கெடக்கட்டும், தரிசனம் முடிஞ்சதுன்னு எஸ்.டி.டி பூத்துல இருந்து போன் பண்ணணும்ல?

— பண்ணா அலைச் சத்தம் கேக்குமே.

— பம்பையில வெள்ளம்னு சொல்லிரு.

— மார்கழியிலயா வெள்ளம்? நீயெல்லாம் பூகோளம் நடத்துற.

— சரி, நெசத்தச் சொல்லு. பேரன் எடுத்த வயசுல உனக்கு எதுக்கு இந்தக் கடல் கிறுக்கு?

— கம்பத்துக்கு லோடு ஏத்த ஒரு ஆலப்புழ யாவாரி வருவான்ல? போன அறுப்பப்ப கேட்டான், "அண்ணாச்சி, கடல் கண்டிட்டில்லே?"ன்னு. கடலையே பாத்ததில்லையான்னு கேக்கான். இல்லன்னேன். சிரிச்சான் பாரு, லாரியப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். நம்ம தோட்டத்துப் பன்னீர் திராட்சை அங்கன கடற்கரையில தள்ளுவண்டியில விக்குதாம். நான் வளத்த பழம் வருசா வருசம் கடலப் பாத்துட்டு இருக்கு. நான் இங்கன மருந்தடிச்சுக்கிட்டு இருக்கேன்.

— அவன் சிரிச்சா உனக்கென்ன?

— அன்னைக்கு ரோசம்தான். அப்பறம் ரோசம் போயிருச்சு, ஆசை போகல. சொல்லவே வெக்கமா இருக்கு. ஆனா சாகுறதுக்குள்ள ஒருக்க அதுக்கு முன்னால நிக்கணும்டா. மழைக்காலத்துல இந்த வண்டி மலை எறங்காது. கோடையில அறுப்பு. அடுத்த மார்கழிக்கு நீயி ரிட்டயராகி மக வீட்டுக்கு மெட்ராஸ் போயிருவ. இப்ப விட்டா எனக்கு இல்ல.

— அப்ப உண்மையச் சொல்லிரு. தங்கச்சி ஒண்ணும் புலி இல்ல.

— புலின்னாக்கூடச் சொல்லிருவேன். மாலை போட்ட நாள்ல இருந்து அவளும் என்கூடவே விரதம் இருக்காடா. எனக்கு முன்னால எந்திரிக்கா. குளிச்சுட்டுத்தான் அடுப்பப் பத்த வைக்கா. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து "இந்தாருங்க"ன்னு கூப்பிட்டவ, இப்ப "சாமி"ங்கிறா. அவ சாமிங்கும்போது ஒடம்பெல்லாம் கூசுது.

— சாமி... சாமி, உள்ள இருக்கீகளா?

— போச்சு. அட்லஸ மறைடா.

— வா தங்கச்சி, வா வா. நானும் சாமியும் பம்பைக்கு வழி பாத்துக்கிட்டிருந்தோம்.

— படத்து மேல உக்காந்துக்கிட்டா வழி பாக்குறீக அண்ணே?

— அது... தரை ஈரமா இருந்துச்சும்மா.

— சரி, உக்காருங்க. சாமி, சாப்பாடு கொண்டாந்துருக்கேன். அதுக்கு முன்னால ஒரு சேதி. கோவிக்கக் கூடாது.

— என்ன ஜக்கம்மா?

— காலையில கோயிலுக்குப் போனேன். ராக்கையா குருசாமி இருந்தாக. எனக்கு அம்பது தாண்டிருச்சே, மலைக்கு வரலாமா சாமின்னு கேட்டேன். "தாராளமா வரலாம் தாயி"ன்னாக. விரதம்தான் எங்க வீட்டுச் சாமியோட சேந்தே இருக்கேன்னேன். அங்கனயே மாலை போட்டுவிட்டாக. இந்தா பாருங்க. இனிமே என்னய மாளிகைப்புரம்னுதான் கூப்பிடணுமாம்.

— மாதாவே!

— அவுக வேன்ல எடம் இருக்குன்னாக. வேணாம், எங்க சாமிக்கு வேன்னாலே வாந்தி வரும், அதான் வண்டியில போறாக, நான் பின்னால உக்காந்துக்கிடுறேன்னு சொல்லிட்டேன். அண்ணே, நீங்கதான் எறங்கிக்கிடணும்.

— எறங்கிட்டேன் தங்கச்சி. இந்தா, எந்திரிச்சே போயிட்டேன்.

— ஏலே, ஓடாத. இருடா இங்கன.

— என்ன சாமி, மொகம் இப்படிச் செத்துப் போச்சு? நான் வர்றது பிடிக்கலையா?

— அப்ப கடலு?

— கடலா?

— மாப்ள, வாய மூடு.

— எதுக்கு மூடணும்? மூடி மூடித்தான் இப்படி ஆச்சு. ஜக்கம்மா, நான் மலைக்குப் போறதுக்கு மாலை போடல. கடலப் பாக்குறதுக்குப் போட்டேன். சும்மா பாக்குறதுக்கு, வேற ஒரு தப்புத்தண்டாவும் கெடையாது. சொன்னா நீ சிரிப்பேன்னு சாமி பேரச் சொல்லிட்டேன். உன்னய வேற பட்டினி போட்டுட்டேன். திட்டு, நல்லாத் திட்டு. சாமின்னு மட்டும் கூப்பிடாத, தாங்க முடியல.

— தங்கச்சி, இதுல நானும் கூட்டுக் களவாணிதான்.

— எந்தக் கடல்?

— என்ன?

— எந்தக் கடலுன்னு கேட்டேன்.

— ஆலப்புழ. அப்பிடியே கரையோரமா கொல்லம், வர்க்கலை, கன்னியாகுமரி. ஆனா இப்ப அதெல்லாம் இல்ல. நீ போட்டது நெச மாலை. உன் நேர்த்திய நான் கெடுக்க மாட்டேன். உன்னய மலைக்கே கூட்டிட்டுப் போறேன், மலை ஏற முடியாட்டி டோலியில ஏத்திவிட்டுக் கூடவே வர்றேன். கடல் கெடக்குது. அத எனக்குக் குடுத்து வைக்கல.

— நெசமாவே விட்டுட்டீகளா?

— நெசமாத்தான். அட்லஸக்கூட இவன்கிட்டயே குடுத்துட்டேன்.

— அத இங்கன வாங்குங்க சாமி. இந்தத் தோட்டத்துல நின்னு எந்தப் பக்கம் திரும்புனாலும் மலை. பந்தலுக்குள்ள நொழஞ்சா அண்ணாந்து அண்ணாந்து கொலை வெட்டியே கழுத்து போச்சு. ஒருக்கயாச்சும் ஒண்ணும் மறைக்காம நேராப் பாக்கணும்னு இருந்துச்சு, மலை எறங்குனதும் முட்டி வலிக்கு, உப்புத்தண்ணியில நனைக்கணும்னு அழுது உங்களக் கடலுக்கு இழுத்துட்டுப் போயிரலாம்னுதான நானே மாலை போட்டேன்!