தொடை என்று சொன்ன இடம்

மேலே எழுதப்பட்டுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது முப்பத்தெட்டு. என் கணவர் தையற்கடையில் பேன்ட், சட்டை தைக்கிறார். நான் அதே கடையில் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்டி வருகிறேன். கடையும், அதற்கு மேலே நாங்கள் குடியிருக்கும் மாடியும் என் கணவரின் அண்ணனுக்குச் சொந்தம். எங்கள் தெருமுனை கிளினிக்கின் லேடி டாக்டர் தவறான மருந்து கொடுத்துத் தன் தம்பியைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டார் என்று புகார் கொடுத்திருப்பவரும் அவரே. அது பற்றி ஆஸ்பத்திரி வார்டில், என் கணவரின் கட்டிலருகே ஏட்டு ஐயா என்னை விசாரித்தபோது நான் சொன்னது பின்வருமாறு.

சென்ற மாதக் கடைசியில் சீருடை வேலை குவிந்து, என் கணவர் காலையில் மிஷினில் உட்கார்ந்தால் இரவுவரை எழுந்திருக்கவில்லை. வெக்கை தாங்க முடியாத நாட்கள். அதன் பிறகு ஒருநாள் அவர் நின்றுகொண்டே துணி வெட்டுவதைப் பார்த்தேன். கேட்டதற்குத் தொடையில் கட்டி என்றார். மருந்து போடுகிறேன் என்றதற்கு, "போடி, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கீழே கடையிலேயே படுக்க ஆரம்பித்தார். ஊர் ஆண்களையெல்லாம் காலை அகட்டி நிற்க வைத்து அளவெடுக்கிற மனிதர் அவர். தன் உடம்பு என்று வந்தபோது கட்டிய பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்கவில்லை.

காய்ச்சல் வந்ததும் நானும் அவருடைய அண்ணனும் அவரை மேற்படி கிளினிக்குக் கூட்டிப் போனோம். அவர் கைலியை முழங்காலுக்குச் சற்று மேலே வரை சுருட்டிக் காட்டினார். தொடையின் உள்பக்கம் சிவந்திருந்தது. டாக்டர், "இன்னும் மேல இருக்கா? படுங்க, பாக்கணும்" என்றார். என் கணவர் அசையவில்லை. அதன் பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் வெளியே இருக்கச் சொன்னார். நான் எழுந்தேன். என் கணவரின் அண்ணன் எழவில்லை. "தோள்ல தூக்கி வளத்தவன் நான். அவனுக்கு எங்க என்னன்னு எனக்குத் தெரியாதா? தொடைதான் டாக்டர், எழுதுங்க" என்றார். டாக்டர் விடாமல் என் கணவரைப் பார்த்து மறுபடியும் கேட்டார். அவர் தரையைப் பார்த்தபடி, "தொடைதான்" என்றார். அண்ணன் முன்னால் உட்காரக்கூட மாட்டார், அவ்வளவு மரியாதை. அதற்கு மேல் டாக்டர் என்ன செய்வார்? தோலில் வரும் கட்டிக்கான மாத்திரை எழுதினார். சிவப்பு மேலே ஏறினாலோ, நாற்றம் வந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வரவேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

மாத்திரையை வேளை தவறாமல் நானே எடுத்துக் கொடுத்தேன். குணம் தெரியவில்லை. அதன் பிறகு அவருடைய கைலியைத் துவைக்க எடுத்தபோது செத்த எலி நாற்றம் அடித்தது. கடை ஷட்டரை இறக்கி, மிஷின் விளக்கைத் திருப்பிப் பிடித்து, காட்டினால்தான் ஆயிற்று என்று நின்றேன். அவர் திட்டினார், பிறகு அழுதார், பிறகு காட்டினார். விதைப்பை தேங்காய் அளவுக்கு வீங்கி, அடியில் தோல் ஓரிடத்தில் கறுத்திருந்தது. தொடையில் நாங்கள் பார்த்த சிவப்பு அங்கிருந்து இறங்கி வந்ததுதான்.

நான் டாக்டருக்குப் போன் செய்தேன். எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். "அந்த மாத்திரைய நம்பி உக்காராதீங்கம்மா. அது தோல்ல இருக்கிற கிருமிக்கு மட்டும்தான் கேக்கும். இது வேற கணக்கு. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, நான் பேசிடுறேன்" என்றார். நாங்கள் வந்து இறங்கும்போது ஆபரேஷன் டாக்டர் தயாராக இருந்தார். அன்றே கறுத்த தோலை வெட்டி எடுத்து, சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவருக்குச் சர்க்கரை இருப்பதும் அன்றுதான் தெரிந்தது.

எதற்கு இத்தனை ஊசி என்று ஆபரேஷன் டாக்டரிடம் கேட்டேன். "அந்த இடத்துப் புண்ணுல ஒரே கிருமி இருக்காதும்மா. தோல்ல இருக்கிறது ஒண்ணு, பின்பக்கமா குடல்ல இருந்து வர்றது ஒண்ணு, காத்தே படாம உள்ளுக்குள்ள வளர்றது ஒண்ணு. அந்த நாத்தம் இதுங்களாலதான். எல்லாத்துக்கும் சேத்துப் போட்டு ஆரம்பிப்போம். ரிசல்ட் வந்ததும் வேண்டாதத நிறுத்திடுவோம்" என்றார். அதன்படி ரிசல்ட் வந்த பிறகு, குடல்கிருமிக்குக் கேட்காத ஊசியை மாற்றினார்கள். புதிய ஊசியே தோல்கிருமிக்கும் போதும் என்று இன்னொன்றை நிறுத்தினார்கள்.

புதுப் பாட்டிலைப் பார்த்த என் கணவரின் அண்ணன், "மாத்தி மாத்திப் போட்டு ட்ரையல் பாக்க என் தம்பி என்ன சட்டையா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார். அளவு தெரியாத உடம்புக்குத் தாராளமாக விட்டுத் தைத்து, அளவு தெரிந்ததும் பிடித்துக் கொடுப்பது நம் கடையிலும் உள்ளதுதானே மாமா என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்காமல் நேராக ஸ்டேஷனுக்குப் போனார். இப்போது கிளினிக் பூட்டிக் கிடக்கிறது.

என் கணவரின் அண்ணன் கெட்டவர் அல்ல. ஆபரேஷன் அறை வாசலில் அவர் அழுத அழுகையை நான் பார்த்தேன். அவர் வீட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. "விடு, அண்ணன் மனசு நொந்துடும்" என்று என் கணவரும் தடுத்தார். ஆனால் அந்த டாக்டர் தொடைக்கு மருந்து கேட்டவர்களுக்குத் தொடைக்கு மருந்து கொடுத்தார். உண்மை தெரிந்த நொடியில் உயிரைக் காப்பாற்ற வழி செய்தார். அவரைக் குற்றவாளி ஆக்கினால் எனக்குச் சோறு இறங்காது.

இதை எழுதிய ஏட்டு ஐயா எனக்குப் படித்துக் காட்டினார். விதைப்பை என்று நான் சொன்ன இடத்தில் "மேல்தொடை அருகே" என்று எழுதியிருந்தார். பொம்பளை வாக்குமூலம், கோர்ட்டில் சத்தமாகப் படிப்பார்கள், அதனால்தான் என்றார். மாற்றச் சொன்னேன். அவர் தயங்கினார். என் கணவரின் அண்ணன் அப்போது கட்டில் கால்மாட்டில்தான் நின்றிருந்தார். அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்த என் கணவர் இந்தப் பக்கம் திரும்பி, "விதைப்பைன்னே எழுதுங்க சார். டாக்டரம்மா கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும். அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். அவருடைய அண்ணன் வெளியே போனார்.

அதன் பிறகு ஏட்டு ஐயா அடித்துத் திருத்தினார். திருத்தியதையும் சேர்த்து முழுவதும் மறுபடி படிக்கக் கேட்டேன். நான் கண்டதும் கேட்டதும் இவையே, யாரும் சொல்லிக் கொடுத்துச் சொன்னதல்ல என்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)

திருத்தத்துக்குச் சாட்சி: கட்டிலில் இருக்கும் என் கணவர் (ஒப்பம்)