பதினேழாம் உத்தரம்

மழைக்காலத்தில் மரக்கதவு உப்பிக்கொள்ளும். மேல் விளிம்பைக் கொஞ்சம் இழைத்துவிட்டால் சரியாகிவிடும். அந்த அலுவலகக் கூடத்தில் கோப்பறைக் கதவு மூன்று முறை சிக்கிக்கொண்டது. மூன்று முறையும் இழைக்கச் சொன்னவன் நான்தான். மழையே இல்லாத மாதங்கள் அவை என்று உங்கள் விசாரணைக் குறிப்பில் இருக்கிறது. இருக்கட்டும், அதற்கும் வருகிறேன்.

கட்டிடத்தை வரைந்தவன் நான். பழைய இரும்பை மறுபடி பயன்படுத்தி, அதை ஒளிக்காமல் எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்த வேண்டும் என்பது உரிமையாளரின் ஆசை. என் ஆசையும் அதுதான். தீப்பிடித்து எரிந்த ஒரு கிடங்கிலிருந்து இருபத்திரண்டு உத்தரங்களை நானே தேர்ந்தெடுத்தேன். நெருப்பு அவற்றின் மேல் நீலமும் செம்பு நிறமுமாக ஏறியிருந்தது. எந்தப் பெயின்ட் கடையிலும் அந்த நிறம் கிடைக்காது. முப்பது வருடத் தொழிலில் நான் பார்த்த மிக அழகான பொருள் அது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பொறியாளர், என் தங்கையின் கணவர். கட்டிடம் நிற்குமா என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திடுவது அவர் வேலை. உத்தரங்களைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார்.

"நெருப்புல வெந்த இரும்பு, மச்சான். தண்ணி பீச்சி அணைச்சிருக்காங்க. சிலது நல்லா இருக்கும், சிலது பிஸ்கட் மாதிரி உடையும். கண்ணால பாத்தா தெரியாது. ஒவ்வொண்ணுலயும் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி சோதனைக்கு அனுப்பணும். ஒண்ணு விடக்கூடாது."

"வெட்டினா தழும்பு தெரியுமே மாப்பிள்ளை."

"மேல்பக்கமா வெட்டலாம். கீழேருந்து பாத்தா தெரியாது."

மாடி நடையிலிருந்து குனிந்தால் தெரியும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, வெட்டும் பொறுப்பை என்னிடமே விட்டுப்போனார். வீட்டு மனிதர் மேல் சந்தேகப்படத் தெரியாதவர். அது நல்ல குணம்தான், ஆனால் அவர் தொழிலுக்கு ஆகாத குணம்.

அதே கிடங்கின் பின்கட்டில், தீ எட்டாத இடத்தில், ஓர் உத்தரம் கிடந்தது. நிறமே இல்லை, பார்க்கச் சகிக்காது. அதிலிருந்து இருபத்திரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்று முதல் இருபத்திரண்டு வரை எண் அடித்து அனுப்பினேன். முடிவுகள் வந்தபோது மாப்பிள்ளை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மச்சான், எல்லாம் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்கு?"

"ஒரே கிடங்குதானே மாப்பிள்ளை."

கையெழுத்துப் போட்டார். என் பேனாவை வாங்கித்தான் போட்டார்.

திறப்பு விழா முடிந்து நான்காம் மாதம் கதவு சிக்கியது. இழைத்தோம். ஆறு வாரம் கழித்து மறுபடி. மூன்றாம் முறை தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், கதவு வளரல. மேலேருந்து ஏதோ எறங்குது."

"நீங்க மரத்தைப் பாருங்க. இரும்பை நாங்க பாத்துக்கறோம்."

கதவுக்கு நேர் மேலே பதினேழாம் உத்தரம். அதன் நுனியில், பழைய ஆணித் துளையைச் சுற்றி, மயிரிழை போல ஒரு விரிசல். அதை நான் முன்பே பார்த்திருந்தேன். அடியில் முட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் சிறந்த கட்டிடத்துக்குப் பரிசு தரும் குழு பார்வையிட வருவதாக இருந்தது. கூடத்தின் நடுவே ஒரு முட்டுக்கம்பி, அதுவும் சிவப்புப் பெயின்ட் அடித்தது, எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரு வாரம் தாங்காதா என்று நினைத்தேன்.

தச்சர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை கூடத்திலிருந்து எனக்குப் போன் செய்தார்.

"மச்சான், ஏணி போட்டு மேல ஏறிப் பாக்கப் போறேன். பதினேழுக்கு ரிப்போர்ட் நல்லாத்தானே வந்துச்சு? இல்லன்னா சொல்லுங்க, முட்டுக் குடுத்துட்டு ஏறறேன்."

யோசிக்க நேரம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"நல்லாத்தான் வந்துச்சு. தைரியமா ஏறுங்க மாப்பிள்ளை."

எதற்கும் இருக்கட்டும் என்று கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் அவர் ஏறியிருக்கிறார். பதினேழு மட்டும் விழுந்தது. அவர் மட்டும் இறந்தார்.

பொறியாளரின் கணக்குப் பிழை என்று முதல் விசாரணை முடிந்தது. தங்கை அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அவர் கணக்குல தப்பு விடமாட்டார்ண்ணா. உனக்குத் தெரியாதா?" என்று அழுதாள். தலையைத் தடவி, "மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும்மா" என்றேன். மாமனார் வீட்டில் அவளை ஒரு மாதிரியாகப் பேசினார்கள். பள்ளியில் பிள்ளையைக் கேலி செய்தார்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆறு மாதம் பொறுத்துக்கொண்டேன்.

போன வாரம் இரண்டாவது அறிக்கை வந்தது. பழைய இரும்பு நம்பத்தக்கதல்ல, மீதி இருபத்தொன்றையும் கழற்றி உலையில் போட்டு உருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மாப்பிள்ளை மேல் பழி போட்டபோது தூங்க முடிந்தது. இரும்பின் மேல் போட்டதும் முடியவில்லை. அதனால்தான் இன்று யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறேன். அதன் மேல் தப்பில்லை. அதைச் சோதிக்காமல் ஏற்றியவன் நான். தெரிந்தே அவரை அதனிடம் அனுப்பியவனும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். உருக்குவதற்கு முன் இருபத்தொன்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் தேறும். துண்டு வெட்டுவதானால் மேல்பக்கமாக வெட்டச் சொல்லுங்கள். கீழிருந்து பார்த்தால் தெரியாது.