பத்துச்சீட்டு

ஆடி மாதம் எங்கள் எஸ்டேட்டில் தாள் நமுத்துப்போகும், ஐயா, பேனா ஓடாது. நீங்கள் வாக்குமூலம் எழுதக் கொடுத்த தாள் நன்றாக இருக்கிறது.

நான் ஞானசீலன். சேரம்பாடிப் பக்கம் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். ஏழு நாவல்கள் எழுதி, ஏழையும் நானே கூடலூரில் அச்சடித்தேன். எல்லாம் கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. "கடலை மடிக்கக்கூட யாரும் கேக்கறதில்லீங்களே" என்பாள் என் மனைவி செல்வி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அவளுக்கு எங்கே புரியப்போகிறது?

எனக்கு வாசகன் ஒரே ஒருவன்தான், காத்தமுத்து. சிலோனிலிருந்து வந்த குடும்பம். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை என் வாசற்படியில் உட்கார்ந்து, அந்த வாரம் நான் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படிப்பான். "கிளாக்கரய்யா, இந்தப் பொம்பள இப்பிடிப் பேச மாட்டா" என்பான். என்ன திமிர் பாருங்கள்! ஆனால் அவன் சொல்வது சரியாக இருக்கும். மாற்றி எழுதுவேன். கடைசியில், "அப்புறம் என்னாச்சுங்கய்யா?" என்பான். அதைக் கேட்கத்தான் மற்ற ஆறு நாளும் எழுதினேன்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. ஃபாக்டரியை மூடினார்கள். காரில் குன்னூர் போன துரை திரும்பவே இல்லை. பறிக்க ஆளில்லாமல் செடியெல்லாம் மரமானது. தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்தில் கஞ்சிக்கே திண்டாட்டம். காத்தமுத்துவின் மச்சான் சுரேந்திரன் திருப்பூரிலிருந்து கடிதம் போட்டான். பனியன் கம்பெனியில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது, பிள்ளையோடு உடனே வரச் சொன்னான்.

கடிதத்தோடு காத்தமுத்து என்னிடம்தான் வந்தான்.

"பத்துச்சீட்டு குடுங்கய்யா. அது இல்லாட்டி வேற எடத்துல பேர் பதிய மாட்டாங்களே."

சிலோன் தோட்டத்தில் ஆளை விடுவித்துக் கொடுக்கிற தாளுக்கு அந்தப் பெயர். அது கையில் இல்லாமல் அவன் அப்பன் லயத்தை விட்டு அசைந்ததில்லை. என் எட்டாவது நாவல் அன்று பதினோராவது அத்தியாயத்தில் நின்றது.

"தொரை கையெழுத்துப் போடோணும். பொறு" என்றேன்.

ஏழு வாரம் பொறுத்தான். சீட்டு வந்ததா என்பான். வரும் என்று சொல்லி அத்தியாயத்தைக் கையில் கொடுப்பேன். அந்த ஏழு வாரமும் நான் பிரமாதமாக எழுதினேன், ஐயா. அதை மறைக்க விரும்பவில்லை.

அவன் மகள் பிரியாவுக்கு ஆறு வயது. வெறும் கீரையை அவித்துத் தின்று கிடந்த பிள்ளை. மழையில் காய்ச்சல் கண்டது. உடம்பில் தெம்பில்லை, தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை புதைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்து உட்கார்ந்தான். அத்தியாயத்தைக் கொடுத்தேன். வாசகன் அழவேண்டிய இடம் ஒன்று அதில் வைத்திருந்தேன். சரியாக அந்த இடத்தில் அழுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் சுரேந்திரன் வந்துவிட்டான்.

"எந்தச் சீட்டு மச்சான்? இந்த நாட்டுல அப்பிடி ஒண்ணு கெடையவே கெடையாது! பஸ் ஏறி வந்திருந்தா போதுமே!" என்று லயமே கேட்கக் கத்தினான்.

காத்தமுத்து என்னைப் பார்த்தான். "ஒங்களுக்குத் தெரியுங்களாய்யா?" என்றான்.

தெரியும். முதல் நாளே தெரியும். சீட்டும் கிடையாது, கையெழுத்துப் போடத் துரையும் கிடையாது. போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே போயிருப்பான், பிள்ளை பிழைத்திருக்கும். நான் சொல்லவில்லை. அவன் போய்விட்டால் யார் படிப்பது?

ஆனால் அவன் செய்தது மட்டும் நியாயமா? கதை முடிய இரண்டே அத்தியாயம். அப்புறம் என்னாச்சு என்றுகூடக் கேட்காமல் பெண்டாட்டி பொன்னாயியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

அவனிடம் விசாரிக்க நீங்கள் திருப்பூர் போகிறீர்களாமே. அந்த இரண்டு அத்தியாயத்தையும் தருகிறேன், கொண்டுபோய்க் கொடுங்கள். கோபத்தில் இருப்பான், அவசரமில்லை. படித்து முடித்ததும் என்ன சொன்னான் என்று மட்டும் வந்து சொல்லுங்கள்.