இருபத்திரண்டாவது வண்டி

விடியற்காலை நாலு மணி. அமெரிக்காவில் பிளாட் ஆற்றங்கரைப் பாதை. இந்தப் பக்கம் பத்து மைல், அந்தப் பக்கம் பத்து மைல், ஒரு மரம் கிடையாது. ஒரு வீடு கிடையாது. புல்... புல்லுக்கு நடுவே வண்டித் தடம். அவ்வளவுதான்.

விளக்கைத் தாழ்த்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். கதவுப் பக்கம் இருப்பவர் தாழ்ப்பாளைப் போட்டுவிடுங்கள். இது நான் கட்டிய கதை அல்ல. என் சிநேகிதி மின்னியின் பெரியம்மா லவீனியாவுக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடுவில் மட்டும் சிரிக்காதீர்கள்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்திரண்டாம் வருஷம். காலரா வருஷம். லவீனியாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஒரு வருஷம், வயிற்றில் இரண்டு மாதம். புருஷன் ஏசாவுக்கு மிசௌரியில் இருந்த நிலம் போதவில்லை. மேற்கே ஓரிகனுக்குப் போனால் நிலம் சும்மா தருகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சும்மாவாம்! அந்த ஒரு வார்த்தையை நம்பி ஊர் ஊராகக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள்.

லவீனியாவின் தங்கை ரோடாவுக்குப் பதினாலு வயது. அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். அவளை இழுத்துக்கொண்டு வந்தது லவீனியா.

"பிரசவத்துக்கு எனக்கு யாருடி இருக்கா? நீ வந்தா ஒத்தாசையா இருக்கும்."

"அங்க வந்து நான் என்னக்கா பண்ணப் போறேன்? உன் புள்ளைக்குத் துணி அலசவா?"

"ஆமா, அலசு. உனக்குப் புள்ளை பொறந்தா நான் வந்து அலசறேன்."

அதற்குச் சிரித்துவிட்டாள் ரோடா. சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினாள்.

மொத்தம் இருபத்திரண்டு வண்டிகள். தலைவர் டிண்டால், எல்லோருக்கும் கேப்டன். கெட்டவர் இல்லை, ஆனால் கணக்காகப் பேசுகிறவர். பனி விழுவதற்குள் மலையைத் தாண்ட வேண்டும், தாண்டாவிட்டால் மொத்தப் பேரும் மலையிலேயே சாக வேண்டியதுதான். அதனால் யாருக்காகவும் ஒருநாள்கூட நிற்பதில்லை என்று முதல் நாளே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார். நிற்கிற வண்டி தனியாகத்தான் நிற்க வேண்டும்.

பாதை நெடுகக் குழிகள். முன்னால் போனவர்கள் ஓரத்தில் புதைத்து, பலகையில் பேர் எழுதி நட்டிருந்தார்கள். ஓநாய்கள் அத்தனையையும் தோண்டிப் போட்டிருந்தன. ஓரிடத்தில் ரோடா ஒரு சீப்பைக் கண்டு குனிந்து எடுத்தாள். சீப்பில் நீளமாக மஞ்சள் மயிர்... கூடவே கொஞ்சம் தோலும் இருந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

அதனால்தான் அந்த வழக்கம் வந்தது. செத்தவரை ஓரத்தில் புதைப்பதில்லை. பாதையின் நட்டநடுவில் புதைப்பார்கள். அடையாளம் எதுவும் வைக்க மாட்டார்கள். மண்ணை மூடி, மேலே எல்லா வண்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் போவார்கள். இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள், நூற்றைம்பது மாடுகளின் குளம்புகள்... மண் இறுகிப்போகும். ஓநாய்க்கும் மோப்பம் பிடிபடாது. பெற்ற தாயே திரும்பி வந்தாலும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் ரோடாவுக்கு வயிறு கலங்கியது. சாயங்காலத்துக்குள் கன்னம் ஒட்டி, உதடு நீலம் பாரித்துவிட்டது. விரல் நுனியெல்லாம் நாளெல்லாம் துணி துவைத்த கைபோலச் சுருங்கிவிட்டது. அபின் மருந்து கொடுத்தார்கள், பேதி நிற்கவில்லை. வண்டிக்குள் கற்பூர வாடை. அதையும் மீறி அந்த இன்னொரு வாடை...

இருட்டியதும் கேப்டன் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வண்டிக்கு வெளியே நின்றே பேசினார்.

"பாரும்மா. காலையில நாலு மணிக்குக் கிளம்பறோம். குழியை இப்பவே வெட்டிடச் சொல்லியிருக்கேன்."

"அவ இன்னும் உயிரோட இருக்கா, கேப்டன்."

"தெரியும். விடியறப்போ வெட்ட நேரம் இருக்காது."

அப்படியும் ஒரு வழக்கம் இருந்தது, உயிர் இருக்கும்போதே குழி வெட்டுவது. வண்டிக்குப் பத்தடி தள்ளி மண்வெட்டி விழுந்தது. சதக்... சதக்... மண் தள்ளும் ஓசை... மறுபடி சதக். இரண்டரை அடியில் தண்ணீர் ஊறியது, ஆற்றங்கரை அல்லவா? அதற்குமேல் அவர்கள் வெட்டவில்லை.

ரோடா கண்ணைத் திறந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்குக்கா வெட்டறாங்க?"

லவீனியா தங்கையின் காதைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கே அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருக்கிறது எனக்கு. ஆனால் மிச்சத்தையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நாலு மணி. காவலுக்கு இருந்தவன் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டான். தினமும் முகாமை எழுப்புவது அந்த வெடிதான். ஹெப்ஸி அத்தை வந்தாள், கூட்டத்தில் பிணத்துக்குத் துணி மாற்றிவிடுகிறவள். ரோடாவின் வாய்க்கு நேராகக் கைக்கண்ணாடியைப் பிடித்தாள். மூச்சு இருந்தால் கண்ணாடி மங்க வேண்டும்.

"மங்கல. போயிட்டா, பொண்ணே."

"இந்த இருட்டுல என்ன தெரியுது அத்தை? இன்னொரு தடவை பாருங்க."

"பாத்துட்டேன்ல? கை எப்படிச் சில்லுனு இருக்கு, தொட்டுப் பாரு. வெளிய மாடு பூட்டறாங்க... எழுந்திரு."

கை சில்லென்றுதான் இருந்தது. ஆனால் முந்தின சாயங்காலம் ரோடா பேசிக்கொண்டிருந்தபோதே அந்தக் கை அப்படித்தான் இருந்தது. காலராவில் அப்படித்தான் ஆகும். லவீனியாவுக்கு அது தெரியும். சொல்ல வாயெடுத்தாள்... வெளியே ஏசா, "ஆச்சா?" என்றான். இவள் "ஆச்சு" என்றாள்.

போர்வையில் சுற்றி இறக்கினார்கள். மண் முகத்தில் விழக்கூடாது என்று ஏசா வண்டியின் பக்கப் பலகையைக் கழற்றி மேலே வைத்தான். மண் தள்ளி, மிதித்து, ஒரு ஜெபம் சொன்னார்கள். எல்லாம் சேர்ந்து கால்மணி நேரம் ஆகியிருக்காது.

பிறகு வண்டிகள் கிளம்பின. முதலில் கேப்டனுடையது. நோய் கண்ட வண்டி கடைசியில் வர வேண்டும் என்பது ஏற்பாடு, அதனால் ஏசாவின் வண்டி இருபத்திரண்டாவது. முன்னால் போகிற ஒவ்வொரு வண்டியும் அந்த இடத்தில் லேசாகக் குலுங்கி ஏறி இறங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இவர்கள் முறை வந்தது. ஏசா மாடுகளின் பக்கத்தில் சாட்டையோடு நடந்தான். லவீனியா பின்சக்கரத்தை ஒட்டி நடந்தாள்.

மாடுகள் நின்றுவிட்டன. அதட்டினாலும் நகரவில்லை. காதுகளை முன்னால் விறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தன. அந்த ஒரு நிமிஷம் சக்கரச் சத்தம் இல்லை...

டொக்.

பலகையில்... அடியிலிருந்து.

டொக்... டொக்.

லவீனியா ஏசாவைப் பார்த்தாள். அவன் மாட்டின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். மண் இறுகியிருந்தாலும் இரண்டரை அடிதான் ஆழம். மண்வெட்டி வண்டியின் பக்கவாட்டிலேயே தொங்கியது. ஐந்து நிமிஷ வேலை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'நிறுத்துங்க' என்று ஒரே வார்த்தை.

சொன்னால்? வண்டி நின்றுவிடும். மற்றவர்கள் போய்விடுவார்கள். காலராவோடு ஒரு பெண், நாலு மாத வயிறு, ஆளில்லாத புல்வெளி. எப்படியும் மத்தியானத்துக்குள் செத்துப்போகிறவள்தானே... மாடு குளம்பை உதைத்திருக்கும். கல் உருண்டிருக்கும். இப்படியெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் யோசித்தாளாம். நம்மைப்போலத்தான், யோசிக்க வராவிட்டால் நல்லவளாக இருந்திருப்பாள்.

ஏசா சாட்டையை வீசினான். வண்டி ஏறி... இறங்கியது.

அன்றைக்கு ராத்திரி பதினைந்து மைல் தள்ளி முகாம். லவீனியா வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தாள். விடியற்காலை, துப்பாக்கி வெடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, முதுகுக்குக் கீழே... டொக். ஈர மண் வாடை. கற்பூர வாடை. மறுநாள் இருபது மைல் தள்ளி... டொக். மலையில், பாறைமேல் படுத்தாள். பாறைக்குள்ளிருந்து அதே பலகைச் சத்தம். ஓரிகன் வரைக்கும் ஒருநாள் விடாமல் கேட்டது. ஏசாவிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால், அன்றைக்குக் கேட்டும் சும்மா இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே.

நிலம் கிடைத்தது. சும்மாவேதான் கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் ஐந்து குடும்பங்கள் ஒரே பள்ளத்தாக்கில் வீடு கட்டின. நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. துணியை லவீனியாவே அலசினாள், பனித்தண்ணீரில், விரல் வெடிக்க வெடிக்க.

கிறிஸ்துமஸுக்குக் கேப்டன் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டார்கள். மற்ற வீடுகளில் எல்லாம் வெறும் மண் தரை. கேப்டனின் மனைவி மட்டும் அடம்பிடித்து, அறுத்த பலகை வாங்கித் தரை போட்டிருந்தாள். மான் இறைச்சி, சோள ரொட்டி, காய்ந்த ஆப்பிள் பணியாரம். பிடில் வாசிக்க ஒருவர் இருந்தார். ஆனால் யாரும் ஆட எழுந்திருக்கவில்லை. புதுப் பலகைமேல் எல்லோரும் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குளிர் என்று நினைத்தாள் லவீனியா.

பாட்டு முடிந்தது. பிடில் நின்றது.

டொக்.

தரைக்கு அடியில்... அறையின் நட்டநடுவில்.

லவீனியா மெல்லக் கண்ணைத் தூக்கிப் பார்த்தாள். அந்த அறையில் அத்தனை பேரின் கால்களும் ஒரே நேரத்தில் பலகையை விட்டு எழும்பியிருந்தன. கேப்டன், ஹெப்ஸி அத்தை, பிடில்காரர்... ஏசாவும்தான். 'என்ன சத்தம்?' என்று ஒருவர் கேட்கவில்லை.

"உங்களுக்கும் கேக்குதா?" என்றாள் லவீனியா.

ஹெப்ஸி அத்தை முகத்தை மூடிக்கொண்டாள். "எங்க வண்டி ஏறறப்போ அழுதுட்டிருந்தா, பொண்ணே. சக்கரம்னு நெனச்சுக்கிட்டேன்... நெனச்சுக்கிட்டேன்."

"அத்தனை பேருக்குமா கேட்டுது? இருபத்தோரு வண்டி போச்சே! ஒருத்தர்கூடவா வாயத் திறக்கல?"

கேப்டன் தரையைப் பார்த்தபடி பேசினார். எப்போதும் கணக்காகப் பேசுகிறவருக்கு அன்றைக்கு வார்த்தை தட்டுத் தடுமாறியது.

"என்னுதுதான் முதல் வண்டி. அப்போ அவ நல்லாவே பேசினா. பயந்த மாதிரிகூட இல்ல. எங்களை யாரையும் அவ கூப்பிடலம்மா... 'எங்க அக்கா வண்டி கடைசில வருது. அக்கா நிறுத்துவா'ன்னு சொல்லிட்டே இருந்தா. அதனாலதான் நாங்க போயிட்டோம். நீ நிறுத்துவேன்னு நெனச்சோம்."

தொட்டிலில் குழந்தை லேசாகப் புரண்டது. லவீனியா ஏசாவைப் பார்த்தாள். அவன் அன்றைக்கு மாட்டைப் பார்த்ததுபோலவே இப்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பலகைக்கு அடியில் மறுபடி கேட்டது. இந்தத் தடவை தட்டவில்லை... பிராண்டியது. மெதுவாக, ஒரு விரல்... அறையின் நடுவிலிருந்து லவீனியாவின் நாற்காலி வரைக்கும் வந்து, அங்கே நின்றது. சுவர் மூலையில் கடப்பாரை சாத்தியிருந்தது. பலகையைப் பெயர்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லவீனியாதான் பிடில்காரரைப் பார்த்து, "வாசிங்க... சத்தமா வாசிங்க" என்றாளாம்.